நசுங்கினால் வெந்தது

வாந்தி எடுத்து முடித்து நிமிர்ந்தபோதுகூட டிகிரிக்குத் தன் பீன்ஸ்மேல் சந்தேகம் வரவில்லை. கேன்டீன் டீயைச் சந்தேகப்பட்டார். தண்ணீர்த் தொட்டியைச் சந்தேகப்பட்டார். காலையில் எதிரே வந்து, "என்ன, இன்னிக்கு மூஞ்சி பளபளன்னு இருக்கு" என்று கேட்ட காவலாளியின் கண்ணைக்கூடச் சந்தேகப்பட்டார். தன் கையால் வளர்த்து, தன் கையால் பறித்து, தன் கையால் வேகவைத்த பொருளைச் சந்தேகப்பட எந்த மனிதனுக்கு மனசு வரும்? அதுவும் டிகிரிக்கு வரவே வராது.

டிகிரி என்பது அவர் படித்து வாங்கியது அல்ல. கோழிக்குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் முட்டைகளை அடைகாக்கும் இயந்திரங்களின் சூட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. அரை டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் நிலையமே நடுங்கும்படி சத்தம் போடுவார். வீட்டிலும் அதே பேச்சுதான். குளிக்கிற தண்ணீர் எத்தனை டிகிரி, டீ எத்தனை டிகிரி, காய்ச்சல் எத்தனை டிகிரி. அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமைதான்.

நிலையத்தில் கழித்துப் போட்ட ஒரு பழைய இயந்திரத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதன் உள்ளே வேறு கம்பிச்சுருள் மாட்டி, சுற்றிலும் தெர்மாக்கோல் அடைத்து, சூடு ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல் பிடித்து வைக்கிற ஒரு பெட்டியாக மாற்றினார். அதற்குள் பாத்திரத்தை வைத்துவிட்டுத் தூங்கப் போனால், விடியும்போது எல்லாம் வெந்திருக்கும். கொதிக்காது, பொங்காது, அடிப்பிடிக்காது. ஒரு பருப்பின் தோல்கூட வெடித்திருக்காது. அவர் மனைவி அதற்கு அடைக்கோழி என்று பெயர் வைத்தாள். கிண்டலாகத்தான் வைத்தாள். அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

வெந்ததா இல்லையா என்று பார்க்க அவரிடம் ஒரே சோதனைதான் இருந்தது. ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துவார். நசுங்கினால் வெந்தது. அவர் அம்மா அப்படித்தான் பார்த்தாள், அவளுடைய அம்மாவும் அப்படித்தான் பார்த்திருப்பாள். அவர்கள் எல்லாரும் கொதிக்கிற பானையிலிருந்து எடுத்து நசுக்கினார்கள் என்பதை மட்டும் டிகிரி யோசிக்கவில்லை.

வாடகை வீட்டின் மொட்டை மாடியில் அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. அடியில் ஓட்டை போட்ட பெயின்ட் வாளிகள்தான் தோட்டம். ஒரு வரிசையில் செடி பீன்ஸ், ஒரு வரிசையில் கயிறு கட்டி ஏற்றிவிட்ட கொடி பீன்ஸ், சுவரோரம் அவரை, மூலையில் காராமணியும் மொச்சையும். அசுவினிப் பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீர் தெளிப்பார். வெயிலில் பூ உதிர்ந்தால் பழைய வேட்டியை மேலே கட்டி நிழல் போடுவார். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்த வாளிகளுக்குக் கிடைத்த கவனிப்பைப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர்கள் வாய்விட்டே சிரிப்பார்கள். காராமணியும் பயறும் அடைக்கோழியில் பலமுறை வெந்து, பலமுறை டப்பாவில் போய், ஒரு கெடுதலும் செய்ததில்லை.

இந்த முறைதான் முதன்முதலாகப் பெரிய சிவப்பு பீன்ஸ். விதைக் கடைக்காரம்மா பொட்டலத்தைக் கொடுக்கும்போது, "இதை நல்லா கொதிக்க விடுங்க" என்றாள். ராத்திரி முழுக்க வேகிற பொருளுக்குக் கொதி எதற்கு என்று டிகிரி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. காய்கள் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்வரை காத்திருந்து பறித்தார். உரித்தபோது உள்ளங்கையில் விழுந்த மணிகள் பாலிஷ் போட்ட மாதிரி மின்னின. ஊறவைத்து, அடைக்கோழியில் ஏற்றி, விடிந்ததும் ஒன்றை நசுக்கினார். வெண்ணெய் மாதிரி நசுங்கியது. உச்சி குளிர்ந்துபோய், நின்ற இடத்திலேயே ஒரு கிண்ணம் தின்றார். மீதியை வெங்காயம் போட்டுக் கிளறி மனைவியின் டப்பாவில் அடைத்தார்.

அவர் மனைவி கிரேன் ஓட்டுகிறவள். தரையில் ஓடுகிற கிரேன் அல்ல. கட்டடங்களுக்குப் பக்கத்தில் ஒற்றைக் கம்பமாக நின்று, உச்சியில் நீளக் கையை நீட்டிக்கொண்டு சுற்றுமே, அது. அந்த உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள். காலையில் ஏணி ஏறினால் மாலையில்தான் இறங்குவாள். வேலையிடத்தில் எல்லாருக்கும் அவள் மேலக்கா. சாப்பாட்டு டப்பாவைத் தோள்பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவாள். மாலையில் வீடு திரும்பியதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார் டிகிரி. "நல்லா இருந்துச்சுங்க" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் அவருக்குச் செருப்பைக் கழற்றவே தோன்றும்.

இத்தனையையும் இப்போது சொல்லக் காரணம், அன்று காலை நிலையத்துக்குப் பக்கத்து கிளினிக்கில் டாக்டரம்மா கேட்ட கேள்விதான். வயிறு முறுக்கி முறுக்கி எடுக்க, இரண்டு பேர் கைத்தாங்கலாக டிகிரியை அங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பீன்ஸ். வீட்டுலயே வளர்த்தது. மருந்து கிருந்து ஒண்ணும் அடிக்கல டாக்டர், சுத்தமானது."

"பச்சைக் காயா, காஞ்ச விதையா?"

"விதை. பெரிய சிவப்பு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள். "எவ்வளவு நேரம் கொதிச்சுது?"

"கொதிக்காது டாக்டர்," என்றார் டிகிரி, அந்த வலியிலும் கொஞ்சம் பெருமையாக. "அதுதான் அதுல விசேஷமே. இளஞ்சூட்டுல ராத்திரி முழுக்க வேகும்."

"யாருங்க உங்களுக்கு இந்த யோசனை சொன்னது?" என்று கேட்டுவிட்டு அவளே கையைக் காட்டி அவரைப் பேசவிடாமல் நிறுத்தினாள். "சிவப்பு பீன்ஸ்ல இயற்கையாவே ஒரு விஷம் இருக்கு. ஊறவச்ச தண்ணியைக் கொட்டிட்டு, வேற தண்ணி ஊத்தி, தளதளன்னு அரை மணி நேரம் கொதிக்க விட்டாத்தான் அது போகும். இளஞ்சூட்டுல வச்சா போகாது. பச்சையா திங்கறதை விட அது மோசமாக்கூடப் போகலாம். மணி மெத்துன்னு ஆயிடும், விஷம் அப்படியே இருக்கும்."

"நசுக்கிப் பாத்தேனே."

"நசுங்கும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நாலஞ்சு பீன்ஸ் உள்ள போனாலே போதும், ஆளைப் புரட்டிப் போட்டுடும். பயப்படாதீங்க, உயிருக்கு ஒண்ணும் ஆகாது. கொஞ்ச நேரம் படாதபாடு படுத்தும், சாயங்காலத்துக்குள்ள அடங்கிடும். தண்ணி ஏத்தணும், படுங்க." பிறகு ஊசியை எடுத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: "வீட்டுல வேற யாரும் இதைச் சாப்பிடலையே?"

டிகிரிக்கு மனைவியின் டப்பா நினைவுக்கு வந்தது. அந்தச் சின்னக் கூண்டும், அதற்குக் கீழே ஆடிக்கொண்டு தொங்கும் பாரமும், பாரத்துக்குக் கீழே நடமாடும் ஆட்களும் அவர் கண்ணில் வந்தன. அங்கே அவளுக்கு வயிறு புரட்டினால் என்ன ஆகும்? கை நழுவி ஒரு நெம்புகோலை இழுத்துவிட்டால் போதும். தலை சுற்றிய நிலையில் இறங்க நினைத்து ஏணியில் காலை வைத்தால் அதைவிட மோசம்.

"என் வீட்டுக்காரி கிரேன்ல இருக்கா," என்று சொல்லிவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கினார். டாக்டரம்மா ஏதோ கத்தினாள். அவர் நிற்கவில்லை.

போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கூண்டுக்குள் போன் கூடாது என்பது அங்கே சட்டம், கீழே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் ஏறுவாள். வேலையிடத்து அலுவலகத்துக்குப் போட்டார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

நிலைய வாசலில் குஞ்சு ஏற்றிய வேன் புறப்பட நின்றது. ஓட்டுகிறவருக்கு நிதானம் என்று பெயர். வண்டி குலுங்கினால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நசுங்கிச் செத்துவிடும் என்று, ஆயுளில் ஒருநாளும் வேகமாக ஓட்டாத மனிதர். டிகிரி கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"அண்ணே, பாலத்துக்கு அந்தப் பக்கம் உயரமா கட்டடம் கட்டறாங்களே, அங்க விடுங்க. சீக்கிரம்."

"அது என் வழி இல்லியேப்பா."

"என் வீட்டுக்காரி, உங்க தங்கச்சி, அங்க கிரேன் மேல இருக்கா அண்ணே. விஷம் சாப்பிட்டிருக்கா. நான் கொடுத்துட்டேன்."

நிதானம் அவர் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியைத் திருப்பினார். திருப்பினாரே தவிர, வேகம் அவருக்குக் கைவரவில்லை. பின்னால் குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்தின. ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. டிகிரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் குமட்டினார். வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை, கசப்புத் தண்ணீர்தான் வந்தது.

"அண்ணே, மிதிங்க அண்ணே."

"மிதிச்சா பின்னால அத்தனையும் செத்துடும்ப்பா."

"சாகட்டும்."

குஞ்சுகளுக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. நிதானம் மிதித்தார். குஞ்சுப் பெட்டிகள் சரிந்து முட்டுகிற சத்தம் கேட்டது. டிகிரி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவாள் என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. தினமும் டப்பா கட்டிக் கொடுக்கிறார், எப்போது திறக்கிறாள் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. நல்லா இருந்துச்சா என்பதைத் தவிர அவளிடம் வேறு எதையுமே கேட்டதில்லை என்பது அந்த ஓட்டத்தில்தான் உறைத்தது. தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

பாலம் ஏறியதும் கிரேன் தெரிந்தது. நின்றுகொண்டிருந்தது. அதன் நீளக் கை அசையவில்லை. வேன் பாலத்தை விட்டு இறங்கும்போது அது மெல்லத் திரும்பத் தொடங்கியது. நுனியில் பெரிய கான்கிரீட் பலகை ஒன்று தொங்கியது. திரும்புகிறது என்றால் கை வேலை செய்கிறது. கை வேலை செய்தால் ஆள் நன்றாக இருக்கிறாள். அதுவரைக்கும் சரி.

வாசலில் காவல்காரர் தலைக்கவசம் இல்லாமல் விடமாட்டேன் என்றார். டிகிரி அவர் தலையில் இருந்ததையே பிடுங்கி மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தார். ஓடத்தான் பார்த்தார், கால் ஒத்துழைக்கவில்லை. கட்டடத்தின் அடியில், கையில் வாக்கிடாக்கியுடன் மேலே பார்த்துக்கொண்டு நின்ற சூப்பர்வைசரைப் போய்ப் பிடித்துக்கொண்டார்.

"நான் மேலக்காவோட வீட்டுக்காரன். அவ சாப்பிட்டாளான்னு கேளுங்க."

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஆட்களும் சிரித்தார்கள். பொண்டாட்டி சாப்பிட்டாளா என்று கேட்க வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார் ஒருத்தர் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"மேலக்கா, உங்க வீட்டுக்காரர் கீழ வந்து நிக்கறாரு. சாப்பிட்டீங்களான்னு கேக்கறாரு."

கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் அவள் குரல், இத்தனை உயரத்திலிருந்தும் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல. "இவருக்கு என்ன ஆச்சு? சாப்பிட்டாச்சு, நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க."

டிகிரி அப்படியே சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் அவர் தினமும் செருப்பைக் கழற்றினார். இப்போது அதைக் கேட்டதும் அவள் போய்விட்டாள் என்றே நினைத்தார். கூண்டுக் கண்ணாடியில் அவள் தலை சாய்வது மாதிரியும், பலகை பிய்த்துக்கொண்டு வருவது மாதிரியும் கண் முன்னால் ஓடியது. எழுந்து வாக்கிடாக்கியை இரண்டு கையாலும் பிடுங்கினார்.

"ஏம்மா, நான்தான். கேளு. அந்த பீன்ஸ் சரியா வேகல. அது விஷம்மா. நான் காலையில தின்னேன், இன்னும் நிக்கல எனக்கு. உனக்கும் வரும். எப்ப வேணா வரும். பாரத்தை எங்கயாவது இறக்கி வச்சுட்டு, கையை எடுத்துட்டு, கூண்டுலயே தரையில உக்காந்துக்க. ஏணியில இறங்காத. நாங்க மேல வரோம்."

சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"என்னங்க, என்ன சொல்றீங்க? அதைத் தின்னா என்ன ஆகும்?"

"வயித்தைப் பிடிச்சு முறுக்கும். தலை சுத்தும். நிக்க முடியாது."

"நான் சாப்பிடல," என்றாள் அவள்.

"இப்பதான சொன்ன?"

"நான் சாப்பிடலங்க. நான் அதைச் சாப்பிடறதே இல்ல. கொக்கி அண்ணன்தான் சாப்பிடுவாரு." அவள் குரல் அங்கேயே மாறிவிட்டது. "சூப்பர்வைசர், கொக்கி அண்ணன் எங்க நிக்கறாரு பாருங்க."

கொக்கி என்பவர் மேல்தளத்தில் நின்று, கிரேன் கொண்டுவரும் பாரத்தைக் கையால் பிடித்து இடத்தில் உட்காரவைத்துக் கொக்கியைக் கழற்றிவிடுகிற தொழிலாளி. வயதானவர், குடும்பத்தைத் தொலைவில் விட்டுவிட்டு வேலையிடத்துக் கொட்டகையிலேயே தங்கியிருந்தார். காலையில் ஏறும்போது டப்பா அவர் கைக்குப் போகும், அவர் வாங்கி வைத்திருக்கும் ரொட்டியும் முட்டையும் இவள் பைக்கு வரும். எல்லாருக்கும் முன்னால், காலை இடைவேளையிலேயே டப்பாவை வழித்துவிடுவார். இது அங்கே எல்லாருக்கும் தெரியும், டிகிரிக்கு மட்டும்தான் தெரியாது.

சூப்பர்வைசர் அண்ணாந்து பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் தளத்தின் அடிப்பக்கம்தான் தெரியும். கூண்டில் இருந்தவளுக்கு எல்லாம் தெரிந்தது. அவள் பேச்சு ஒன்றன்பின் ஒன்றாக வாக்கிடாக்கியில் வந்தது, டிகிரி அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"விளிம்புல இருக்காரு. அய்யோ, பெல்ட்டைக் கழட்டிட்டாரு."

வயிறு புரட்டியதும் இடுப்பிலிருந்த பாதுகாப்பு பெல்ட் அவரை அழுத்தியிருக்கிறது. தளர்த்தியவர் கழற்றியே விட்டார். புதிதாகப் பூசிய தளத்தில், ஆட்கள் முன்னால் வாந்தி எடுக்க வெட்கப்பட்டு, யாரும் இல்லாத ஓரத்துக்குப் போயிருக்கிறார். அந்த ஓரத்தில் தடுப்பு இன்னும் வைக்கவில்லை, பலகை வந்து உட்கார்ந்தால்தான் அது சுவர். பலகையோ அவர் தலைக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரும் அவரைக் கத்திக் கூப்பிடாதீங்க," என்றாள் அவள். "திடுக்குனு திரும்பினா போச்சு. பலகையை நான் வெளிய எடுக்கறேன். கீழ ஆளுங்களை விலக்குங்க."

சூப்பர்வைசர் கையை வீசினார். ஆட்கள் சிதறினார்கள். கிரேனின் கை அங்குலம் அங்குலமாக விலகியது. வேகமாக விலக்கினால் பலகை ஆடும், ஆடினால் அவரைத் தட்டிவிடும். டிகிரி தன் வாழ்நாளில் எத்தனையோ இயந்திரங்களைப் பார்த்திருக்கிறார். அவ்வளவு பெரிய பொருள் அவ்வளவு மெல்ல நகர்ந்து அவர் பார்த்ததில்லை. அவள் வேலையை அவர் இதற்குமுன் ஒருநாளும் நின்று பார்த்ததும் இல்லை.

"அண்ணே," என்று அவள் கூப்பிட்டாள். இப்போது குரலில் பதற்றமே இல்லை, கடைக்குப் போய்வரச் சொல்கிற மாதிரி இருந்தது. கொக்கியின் சட்டையில் மாட்டியிருந்த வாக்கிடாக்கியில் அது கேட்டிருக்கும். "அண்ணே, தங்கச்சி பேசறேன். திரும்பாதீங்க. அப்படியே உக்காருங்க."

"முடியலம்மா," என்று ஒரு முனகல் வந்தது. "கண்ணை இருட்டிக்கிட்டு வருது."

"இருட்டட்டும். நீங்க கண்ணை மூடிக்கங்க. முட்டியை மடக்குங்க. உக்காந்தாச்சா? கையைத் தரையில வையுங்க. ஆமா. இப்ப பின்னால நகருங்க, உக்காந்தபடியே. எனக்காக, கொஞ்சம். இன்னும் கொஞ்சம் அண்ணே."

பிறகு வாக்கிடாக்கியில் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. அது நிற்காமல் தொடர்ந்தது. நடுவே வேறு ஆட்களின் காலடி ஓசை, "பிடிச்சிட்டோம், பிடிச்சிட்டோம் மேலக்கா" என்ற குரல். டிகிரி வாக்கிடாக்கியைச் சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்று குமட்டினார்.

அவள் பலகையைக் காலி இடத்தில் இறக்கி வைத்துவிட்டு ஏணி வழியாக வந்தாள். நேரே வந்து அவர் எதிரில் நின்றாள். டிகிரிதான் முதலில் பேசினார்.

"எத்தனை நாளா?"

"அந்தப் பெட்டி வந்ததுலேருந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிங்க சொல்றது? வீட்டுக்குள்ள நுழையறதுக்குள்ள என் மூஞ்சியவே பாக்கறீங்க. பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்கு நிக்கற மாதிரி நிக்கறீங்க." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, கோபமும் சேர்ந்து வந்தது. "எல்லாம் கொழகொழன்னு இருக்கும். எனக்குத் தொண்டையில இறங்காது. பாவம் அண்ணன் ஆசையா சாப்பிடறாரேன்னு கொடுத்தேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க அன்னிக்கே பெட்டியைத் தூக்கிப் போட்டிருப்பீங்க. இன்னிக்கு அவரு அந்த ஓரத்துல போய் நின்னிருக்க மாட்டாரு."

"கடைக்காரம்மா கொதிக்க விடச் சொன்னா. நான்தான் கேக்கல," என்றார் டிகிரி. "உன்மேல என்ன இருக்கு?"

"இருக்குங்க. தினமும் பொய் சொன்னேன்."

"இனிமே சொல்லாத. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லு."

"நீங்க போடற தயிரும் நல்லா இல்ல," என்றாள் உடனே. "அந்த டீ ஆறிப்போயிருக்கு. மொச்சை மண்ணு மாதிரி இருக்கு." சொல்லச் சொல்ல அழுகை அதிகமானது. டிகிரி ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றார். அவள் இன்னும் என்னென்னவோ சொல்லியிருப்பாள், அதற்குள் அவர் கால் மடிந்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அவள் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். "அய்யோ, இப்படியேவா வந்தீங்க?" என்று தன் தலைத்துணியை அவிழ்த்து அவர் வாயைத் துடைத்தாள்.

ஆஸ்பத்திரியில் டிகிரிக்கும் கொக்கிக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கிடைத்தது. இருவர் கையிலும் ஊசி குத்தி, மேலே தண்ணீர் பாட்டில் தொங்கியது. நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். வாந்தி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கொக்கி தூங்கி விழித்தார். முகம் வற்றி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

டிகிரி முழங்கையை ஊன்றி எழுந்தார். இதை அவள் வாயால் சொல்லவிடக் கூடாது என்று முடிவு பண்ணியிருந்தார்.

"என்னை உங்களுக்குத் தெரியாது. நான் இவ வீட்டுக்காரன். உங்களுக்கு இப்படி ஆனது என் பீன்ஸ்னாலதான். சரியா கொதிக்க வைக்கல. நான் செஞ்ச தப்பு. நீங்க விழுந்திருந்தா..."

கொக்கி அவரைக் கண்ணிமைக்காமல் பார்த்தார். திட்டுவார் என்று டிகிரி எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"நீங்கதானா மாப்ள அது," என்றார் கொக்கி. குரல் உடைந்து காற்றாக வந்தது. "தங்கச்சிதான் சமைக்குதுன்னு நெனச்சிட்டு இருந்தேன். எனக்குப் பல்லு போயிடுச்சு பாருங்க. கொட்டகையில எவன் சமைச்சாலும் கடிக்க முடியாது. உங்க டப்பா ஒண்ணுதான் வாயில வச்சதும் கரையும். அந்த மாதிரி ருசியா எனக்கு யாரும் செஞ்சு போட்டதில்ல மாப்ள. இன்னிக்குக்கூட, சிவப்பா இருக்கேன்னு ஒரு மணி விடாம வழிச்சுத் தின்னேன்."

ஸ்டூலில் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

யாராவது மனசாரச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று இத்தனை வருஷம் ஏங்கிய வார்த்தை அது. அது கடைசியில் இந்த வாயிலிருந்துதானா வரவேண்டும்? டிகிரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, ஊசி குத்தாத கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.